13 பிட்ச் விசிறி கழரவே இல்லை, எஞ்சினும் மூச்சுத் திணறுகிறது – சல்லி, திருகோணமலை

சல்லிக்கரை:
எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் பதினெட்டரை அடி பைபர் போட்டும் 40 குதிரைவலு மண்ணெண்ணெய் எஞ்சினும் இருக்கின்றன. இரவில் சல்லியிலிருந்து வலைக்குப் போவேன், பகலில் நிலாவெளியில் நின்று புறாத்தீவுக்கு ஆட்களை ஏற்றுவேன். போன வருஷம் இறக்கக்கண்டி வாயில் மணல் திட்டில் தட்டி என் பழைய விசிறியின் (புரொபெல்லரின்) ஒரு இலை மடிந்துவிட்டது. கையில் காசு இல்லாத நேரம், கூட்டாளி ஒருவர் தன் வாடியில் கிடந்த ஒன்றைத் தந்தார். அதில் 11 1/8 × 13 - ஜி என்று அடித்திருக்கிறது. பெரிய நம்பர் என்றால் வேகம் கூடும் என்று கரையில் எல்லோரும் சொன்னார்கள், நானும் நம்பிப் பூட்டினேன்.

அன்றிலிருந்து போட் எழும்ப நேரம் எடுக்கிறது. ஆறு பேரை ஏற்றினால் முழு திறப்பில்கூட அணியம் (போட்டின் முன்பக்கம்) மேலேயே நிற்கிறது, புகை அதிகம், பிளக் இரண்டு கிழமைக்குள் கறுத்துப்போகிறது. சரி, கழற்றிவிடலாம் என்று பார்த்தால் விசிறி அசைய மாட்டேன் என்கிறது. வாடைக்காலம் முழுக்கக் கரையில் கிடந்தது, அதுதான் இறுகிவிட்டதோ தெரியவில்லை. பின்னாலிருந்து சுத்தியலால் நாலு அடி அடித்துப் பார்த்தேன். யாராவது வழி சொல்லுங்கள்.

இரும்புக்கை:
தம்பி, முதலில் சுத்தியலைக் கீழே வையுங்கள். அந்த விசிறி உட்கார்ந்திருக்கும் தண்டு நேராகக் கியர்ப்பெட்டிக்குள் போகிறது. நீங்கள் அடிக்கும் ஒவ்வொரு அடியையும் வாங்குவது விசிறி இல்லை, உள்ளே இருக்கும் பேரிங்கும் கியர்ப்பல்லும்தான். இலையில் அடித்தால் அலுமினியம் வெடிக்கும். இருபது வருஷத்துக்கு மேல் பட்டறையில் நிற்கிறேன், விசிறி இறுகியதால் செத்த எஞ்சின் ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை. அதைக் கழற்றப்போய் அடித்ததால் செத்தது நிறைய.

ஒழுங்காகச் செய்யும் விதம் இது. எஞ்சினை நியூட்ரலில் வைத்து, எஞ்சினை நிறுத்தும் கில் சுவிட்ச் கிளிப்பை உருவி, பிளக் வயர்களையும் கழற்றுங்கள். இதைச் சொன்னால் அவசரம் என்பார்கள், ஆனால் சூடான இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சின் விசிறியைக் கையால் சுற்றும்போதே ஒரு தடவை வெடித்துப் பிடிக்கலாம், அப்போது அங்கே இருப்பது உங்கள் விரல். பிறகு நட் கழராமல் பூட்டியிருக்கும் கொட்டர் பின்னின் இரண்டு காலையும் குறட்டால் நேராக்கி இழுத்தெடுங்கள். விசிறிக்கும் அதற்கு மேலே இருக்கும் தட்டைத் தகட்டுக்கும் இடையில் ஒரு மரக்கட்டையைக் கொடுத்துச் சுற்றாமல் நிறுத்திவிட்டு நட்டை இடப்பக்கம் திருப்புங்கள். நட், வாஷர், ஸ்பேசர் வந்த ஒழுங்கிலேயே ஒரு சாக்கில் வரிசையாக வையுங்கள். விசிறிக்கு உள்பக்கம் ஒரு தடித்த வளையம் இருக்கும், அதன் சரிவுப் பக்கம் எங்கே பார்த்து நின்றது என்று படம் எடுத்துக்கொள்ளுங்கள். அதைப் போட மறந்தாலோ மாற்றிப் போட்டாலோ விசிறியின் தள்ளுவிசை முழுவதும் போகக்கூடாத இடத்துக்குப் போய்விடும்.

கிண்ணியாக்கரை:
அண்ணா சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். விசிறி இளகி வந்தவுடன் தண்டின் அடியில் தங்கூசி (நைலோன் நூல்) சுற்றியிருக்கிறதா என்று பாருங்கள். நம் பக்கக் கடலில் அறுந்த வலைத்துண்டு மிதக்காத நாள் இல்லை. கொட்டியாரக்குடாவில் மகாவலி வாய்ப்பக்கம் போனால் வெள்ளம் கொண்டுவரும் குப்பையும் சேர்ந்துகொள்ளும். தங்கூசி விசிறிக்குப் பின்னால் போய்ச் சுற்றிச் சுற்றி, தண்ணீர் உள்ளே போகாமல் தடுக்கும் ஒயில் சீலை அறுத்துவிடும். வெளியே ஒன்றும் தெரியாது. உள்ளே உப்புத்தண்ணீர் போய் கியர் ஒயில் பால் தேத்தண்ணி நிறத்துக்கு வந்திருக்கும். என் எஞ்சினுக்கு நடந்தது, கியர்ப்பெட்டி முழுவதையும் மாற்றினேன். ஒரு சீசன் உழைப்பு அதோடு போனது.

சல்லிக்கரை:
இரும்புக்கை அண்ணா, நீங்கள் சொன்னபடியே செய்தேன். கொட்டர் பின் துருப்பிடித்து உள்ளேயே முறிந்தது, ஆணி கொண்டு மெதுவாகத் தட்டி எடுத்தேன். நட் வந்துவிட்டது. விசிறி மட்டும் ஒரு நூல்கூட அசையவில்லை. பக்கத்து வாடியில் ஒருவர் புளோலாம்ப் கொண்டு வந்து சூடுகாட்டலாம் என்கிறார். காட்டவா?

இரும்புக்கை:
வேண்டாம்! உங்கள் விசிறியின் நடுவில் ரப்பர் புஷ் ஒன்று அழுத்தி ஏற்றியிருக்கிறது. கல்லில் தட்டினால் கியர் உடையாமல் அது வழுக்கிக் கொடுப்பதற்காகத்தான் அதை வைத்திருக்கிறார்கள். நெருப்புக் காட்டினால் முதலில் போவது அந்த ரப்பர், அடுத்தது ஒயில் சீல். ஒரு பையன் இப்படிச் சூடுகாட்டிக் கழற்றி, அதே விசிறியைத் திரும்பப் பூட்டிக்கொண்டு கடலுக்குப் போனான். மூன்று மைல் தாண்டியதும் எஞ்சின் கத்துகிறது, போட் நிற்கிறது. ரப்பர் கருகி உள்வட்டம் மட்டும் சுற்றிக்கொண்டிருந்திருக்கிறது. மெல்லமாக ஓட்டினால் கொஞ்சம் பிடிக்கும் என்பதால் அரை மணி வழியை நாலு மணி நேரம் ஊர்ந்து கரைக்கு வந்தான். காற்று எழும்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் நினைப்பேன்.

துரு இளக்கும் ஒயிலைத் தண்டின் இரண்டு பக்கமும் ஊற்றி இரவு முழுக்க விடுங்கள். எஞ்சினைத் தூக்கி விசிறி மேலே பார்க்க நிறுத்தினால் ஒயில் உள்ளே இறங்கும். காலையில் திரும்ப ஊற்றுங்கள். இரண்டு மூன்று நாள் ஆனாலும் பரவாயில்லை. பிறகு இலைகளை எதிரெதிர்ப் பக்கமாக இரண்டு கையாலும் பிடித்து ஆட்டி, இலைகள் பொருந்தியிருக்கும் நடுக்குடத்துக்குப் பின்னால் மரக்கட்டையை வைத்து இழுங்கள். அதற்கும் வராவிட்டால் விசிறியை இழுத்துக் கழற்றும் மூன்று கால் புல்லர் உள்ள இடத்துக்குக் கொண்டுபோங்கள். புல்லரை இலையில் மாட்டக் கூடாது, குடத்தில்தான் மாட்ட வேண்டும்.

கொட்பேக்காரன்:
சூடு காட்டவே கூடாது என்பதை நான் முழுக்க ஏற்க மாட்டேன். போட்டின் பின்னால் மாட்டும் அவுட்போர்ட் எஞ்சினுக்கு அண்ணா சொல்வது சரி. பலநாள் படகுக்கு வேறு கணக்கு. அங்கே ரப்பர் கிடையாது, வெண்கல விசிறி கூம்பு வடிவத் தண்டில் நேராக ஏறி உட்கார்ந்திருக்கும், சாவிக்கட்டை ஒன்று இரண்டையும் பூட்டி வைத்திருக்கும். கூம்பின் சரிவு படகைப் பொறுத்து 1:10, 1:12, 1:16 என்று வரும். அந்தப் பிடி சும்மா இழுத்தால் விடாது.

நாங்கள் செய்வது இப்படி. நட்டை முழுக்கக் கழற்ற மாட்டோம், இரண்டு மூன்று புரி இளக்கி அப்படியே விட்டுவிடுவோம். கூம்பு விடும்போது துப்பாக்கிக் குண்டுபோலப் பாயும், அந்த நட்தான் ஆளைக் காப்பாற்றும். பிறகு தடித்த இரும்புத் தகட்டுப் புல்லரை மாட்டி நன்றாக இறுக்குவோம். இறுக்கிய பிறகு குடத்தின் ஒரு பக்கம் கனமான சுத்தியலை முட்டுக்கொடுத்து வைத்து எதிர்ப்பக்கம் மற்றச் சுத்தியலால் ஒரு தட்டு. பெரும்பாலும் அந்த ஒரு தட்டோடு டக் என்று விட்டுவிடும். அதற்கும் விடாவிட்டால்தான் சூடு. குடத்தைச் சுற்றிச் சுற்றி ஒரே சீராகக் காட்ட வேண்டும், ஒரே இடத்தில் நிறுத்தக் கூடாது. வெண்கலம் தண்டின் உருக்கைவிடக் கூடுதலாக விரியும், அந்த இடைவெளிதான் நமக்குத் தேவை. முன்னால் இருக்கும் ரப்பர் பேரிங்குக்கு ஈரச்சாக்கைச் சுற்றி விடுங்கள், இல்லாவிட்டால் அதையும் மாற்ற வேண்டி வரும்.

இன்னொன்று. வெளிநாட்டு வீடியோக்களில் வற்றில் படகைத் தரையில் உட்காரவைத்து ஆறு மணி நேரத்தில் விசிறியை மாற்றிக் காட்டுகிறார்கள். திருகோணமலையில் வற்றுக்கும் பெருக்குக்கும் இடையே ஒரு மீட்டர்கூட இல்லை. அதை நம்பிப் படகைக் கரைக்குக் கொண்டுவந்து சிக்கியவர்களை எனக்குத் தெரியும். இங்கே ஒன்று படகை ஏற்ற வேண்டும், இல்லாவிட்டால் சுழியோடி வைத்துத் தண்ணீருக்குள் செய்ய வேண்டும்.

மூதூர்_போட்:
கொட்பேக்காரன், இரட்டை நட் போடும்போது மெல்லிய நட் முதலிலா தடித்த நட் முதலிலா? எங்கள் பக்கம் தடித்ததை முதலில் இறுக்கி மெல்லியதைப் பூட்டு நட்டாக வெளியே போடுவார்கள். எப்போதும் அப்படித்தான்.

கொட்பேக்காரன்:
மெல்லியதுதான் முதலில். நானும் பல வருஷம் மாற்றித்தான் போட்டேன். இரண்டாவது நட்டை இறுக்கும்போது அது முதல் நட்டைக் குடத்தின் பக்கம் தள்ளிவிடுகிறது, அந்தத் தள்ளலில் முதல் நட் தன் புரிகளின் பாரத்தை இழந்துவிடுகிறது. கடைசியில் முழுப் பாரத்தையும் இழுத்துப் பிடிப்பது வெளியே இருக்கும் நட். பாரம் தாங்குவதற்குப் புரி கூட வேண்டும், ஆகவே தடித்தது வெளியே. பழைய படகுகளில் மாறி இருந்தும் கழராமல் ஓடியிருக்கலாம், அதை வைத்து அது சரி என்று சொல்ல முடியாது.

திரும்ப ஏற்றும்போது பலரும் விடும் பிழை ஒன்றும் இருக்கிறது. முதலில் சாவிக்கட்டை இல்லாமல் விசிறியைக் கூம்பில் ஏற்றி, குடம் எதுவரை போகிறது என்று தண்டில் கோடு போடுங்கள். பிறகு கழற்றிச் சாவிக்கட்டையோடு ஏற்றுங்கள். அதே கோட்டுக்கு வர வேண்டும். வராவிட்டால் குடம் கூம்பில் உட்காரவில்லை, சாவிக்கட்டையின் முதுகில் ஏறி நிற்கிறது என்று அர்த்தம். அப்படியே ஓட்டினால் சாவிக்கட்டைப் பள்ளத்திலிருந்து வெடிப்பு தொடங்கி ஒரு நாள் தண்டு முறியும்.

சல்லிக்கரை:
வந்துவிட்டது! மூன்று நாள் ஒயில் ஊற்றினேன். இன்று காலை மரக்கட்டை வைத்து இழுத்ததும் கையோடு வந்தது. உள்ளே ஒரு துளி கிறீஸ் இல்லை, தண்டின் பற்களுக்கு இடையில் உப்பு வெள்ளையாகக் கல்லுப்போல உறைந்திருந்தது. கிண்ணியாக் காக்கா சொன்னதும் சரி, தண்டின் அடியில் தங்கூசி உருகி ஒரு மோதிரம்போலச் சுற்றிக் கிடந்தது. கியர்ப்பெட்டியின் கீழ் ஆணியைத் திறந்து பார்த்தேன், ஒயில் வெளிறியிருக்கிறது. முழுக்கப் பால் இல்லை, பாதி.

கிண்ணியாக்கரை:
அல்ஹம்துலில்லாஹ், நேரத்தோடு பார்த்துவிட்டீர்கள். சீலை இப்போதே மாற்றுங்கள், தள்ளிப்போட வேண்டாம். எஸ்.ஏ.இ 90 கியர் ஒயிலைக் கீழ் ஓட்டையிலிருந்து மேல் ஓட்டை வழியாக வழியும்வரை ஏற்றுங்கள். மேலிருந்து ஊற்றினால் நடுவில் காற்று நின்றுவிடும். மேல் ஆணியை முதலில் பூட்டிவிட்டுப் பிறகு கீழே.

உவர்மலைக்_கணக்கு:
சல்லி அண்ணா, எஞ்சின் ஏன் திணறுகிறது என்ற உங்கள் முதல் கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. என் அப்பாவும் கடல்தொழில்தான், அதனால் எஞ்சின் கணக்கு எனக்குப் பிடிக்கும். விசிறியில் அடித்திருக்கும் முதல் எண் விட்டம், இரண்டாவது எண் பிட்ச், இரண்டும் அங்குலம். பிட்ச் 13 என்றால், தண்ணீர் திடப்பொருளாக இருந்தால் விசிறி ஒரு சுற்றில் 13 அங்குலம் முன்னே போகும். திருகாணி மரத்தில் போவதுபோல. தண்ணீர் விட்டுக்கொடுப்பதால் அதில் ஒரு பங்கு வீணாகும், அதற்கு வழுக்கல் என்று பெயர்.

முழு திறப்பில் எத்தனை சுற்று வருகிறது என்று தெரிந்தால்தான் மேலே பேசலாம். பிளக் வயரில் சுற்றிக் கட்டும் சிறிய சுற்றுமானி மலிவாகக் கிடைக்கும். வேகத்துக்குத் தொலைபேசியின் ஜி.பி.எஸ் போதும். ஆறு பேரோடு ஒரு தடவை, தனியாக ஒரு தடவை எடுத்துப் போடுங்கள்.

சல்லிக்கரை:
தங்கச்சி, சீல் மாற்றி, புது ஒயில் விட்டு, 13 விசிறியையே கிறீஸ் பூசிப் பூட்டிப் பார்த்தேன். ஆறு பேரோடு 4200 சுற்று, 15.5 நொட். கையேட்டில் 4500 முதல் 5500 வரை வர வேண்டும் என்று போட்டிருக்கிறது. கியர் 2:1.

உவர்மலைக்_கணக்கு:
எஞ்சின் 4200 என்றால் விசிறி 2100. அதை 13ஆலும் 60ஆலும் பெருக்கினால் மணிக்கு 16,38,000 அங்குலம். ஒரு நொட் என்பது மணிக்கு ஒரு கடல்மைல், ஒரு கடல்மைல் ஏறக்குறைய 72,913 அங்குலம். ஆக வழுக்கல் இல்லாவிட்டால் 22.5 நொட் போயிருக்க வேண்டும், நீங்கள் போனது 15.5. வழுக்கல் 31 வீதம். இந்த மாதிரிப் போட்டுக்கு 20 வீதத்தை ஒட்டி இருந்தால் நல்லது. எஞ்சினால் சுற்ற முடியாத பாரத்தை அதன் தலையில் வைத்திருக்கிறீர்கள். ஐந்தாம் கியரில் மேடு ஏறும் மோட்டார் சைக்கிள் அது. மண்ணெண்ணெயில் ஓடும் எஞ்சின் இப்படித் திணறினால் கரி இன்னும் வேகமாகப் படியும், உங்கள் பிளக் கறுப்பதற்கு இதுவும் காரணம்.

ஒரு அங்குலப் பிட்ச் குறைந்தால் ஏறக்குறைய 150 முதல் 200 சுற்று கூடும். 11க்கு இறங்கினால் 4600 பக்கம் வரும்.

மூதூர்_போட்:
பிட்ச் குறைத்தால் வேகம் குறையும் தங்கச்சி. இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். என் 13 விசிறியோடு ஓடும்போது பக்கத்தில் ஒருவரும் வர முடியாது.

உவர்மலைக்_கணக்கு:
நீங்கள் சொல்வது வெறும் போட்டில் உண்மை அண்ணா. தனியாகப் போகும்போது உங்கள் எஞ்சின் 5000க்கு மேல் எட்டினால் 13 உங்களுக்குச் சரியானதுதான். ஆனால் ஆறு பேர், அல்லது வலையும் ஐஸும் மீனும் ஏற்றிய போட் வேறு போட். எந்தப் பாரத்தோடு அதிக நாள் ஓடுகிறீர்களோ அந்தப் பாரத்தோடு அளக்க வேண்டும். தனியாக ஓடும்போது சுற்று மேல் எல்லையைத் தாண்டாமல் கையைக் குறைத்துக்கொள்ளலாம். பாரத்தோடு திணறும் எஞ்சினுக்குக் கொடுக்க நம்மிடம் ஒன்றும் இல்லை.

இரும்புக்கை:
பிள்ளை சரியாகச் சொல்கிறார். சல்லித் தம்பி, உங்கள் பழைய விசிறி என்ன நம்பர்? இலை மடிந்தது என்றீர்களே, அது கையில் இருக்கிறதா?

சல்லிக்கரை:
இருக்கிறது அண்ணா. 11 5/8 × 11 - ஜி. நிமிர்த்தலாமா?

இரும்புக்கை:
நிமிர்த்துமுன் அளந்து பாருங்கள். சமதளமான மேசையில் விசிறியைப் படுக்கவைத்து, நடுமையத்திலிருந்து சரியாக 4 அங்குலத்தில் மூன்று இலைக்கும் வளைகோடு போடுங்கள். அந்தக் கோடு இலையின் இரண்டு விளிம்பையும் தொடும் இடத்தில் மேசையிலிருந்து உயரத்தை அளந்து, ஒன்றிலிருந்து ஒன்றைக் கழியுங்கள். அந்த இரண்டு புள்ளிக்கும் இடையே மேசைமேல் இருக்கும் அகலத்தையும் எடுங்கள். 4 அங்குல ஆரையின் சுற்றளவு 25.1. அதை உயர வித்தியாசத்தால் பெருக்கி அகலத்தால் வகுத்தால் பிட்ச் வரும். அகலம் 4, உயரம் 1.75 என்றால் 11.

பிறகு வெடிப்பு. உங்களிடம் மண்ணெண்ணெய் இருக்கிறதே, மடிந்த இடத்தில் நன்றாகப் பூசிப் பத்து நிமிஷம் விட்டு, துணியால் முழுக்கத் துடைத்து, சோக்கட்டியைத் தேயுங்கள். வெடிப்பு இருந்தால் உள்ளே போன எண்ணெய் சோக்கில் கோடாக ஊறி வரும்.

சல்லிக்கரை:
அளந்தேன். இரண்டு இலை 11 வருகிறது. மடிந்தது 8.5. சோக்குப் போட்டதும் அடிப்பக்கம் மயிர்போல ஒரு கோடு வந்தது.

இரும்புக்கை:
அப்படியானால் அந்த விசிறி முடிந்துவிட்டது. வெடிப்பு இல்லாவிட்டால் அச்சில் வைத்து நிமிர்த்தி, மூன்று இலையும் ஒரே கனம் வரும்வரை ராவித் தந்திருப்பேன். வெடித்த அலுமினிய இலையை அடியோடு வெல்டிங் செய்து ஆட்களை ஏற்றும் போட்டுக்குத் தர என் மனம் ஒப்பாது. ஒரு இலை போனால் மற்ற இரண்டும் தண்டைப் பிய்த்துக்கொண்டு ஆடும்.

கொட்பேக்காரன்:
வெண்கலமாக இருந்தால் தட்டிப் பார்த்தே பாதி சொல்லிவிடலாம். தூக்கிக் கட்டிச் சின்னச் சுத்தியலால் தட்டினால் நல்ல விசிறி மணிபோல நீளமாக ஒலிக்கும், வெடித்தது மண்சட்டிபோலக் கேட்கும். சுரண்டினால் மஞ்சளுக்குப் பதில் ரோஸ் நிறம் தெரிந்தால் அதிலிருந்த துத்தநாகம் கடலுக்குப் போய்விட்டது, செம்பு மட்டும் பஞ்சுபோல நிற்கிறது. விசிறிக்குப் பதிலாக அரிபடுவதற்காகப் பூட்டும் துத்தநாகக் கட்டி தேய்ந்ததும் மாற்றாதவர்களுக்கு இதுதான் வரும்.

கிண்ணியாக்கரை:
இலையில் அம்மைத்தழும்புபோலக் குழி விழுவதும் அதனாலா?

உவர்மலைக்_கணக்கு:
காக்கா, அது பெரும்பாலும் குமிழ் அரிப்பு. விசிறி மிக வேகமாக இழுக்கும்போது இலையின் முதுகில் அழுத்தம் இறங்கி, குளிர்ந்த தண்ணீரே கொதித்து ஆவிக்குமிழ் ஆகிறது. அந்தக் குமிழ்கள் உடையும் அடியில் உலோகம் குழிகிறது. 1894இல் நீராவி டர்பைனை உருவாக்கிய பொறியியலாளர் பார்சன்ஸ் தன் டர்பினியா கப்பலைக் கடலில் இறக்கியபோது எவ்வளவு வலு கொடுத்தும் வேகம் வரவில்லை, இந்தக் குமிழ்தான் காரணம். கடைசியில் மூன்று தண்டு, தண்டுக்கு மூன்றாக ஒன்பது விசிறி போட்டு 1897இல் 34 நொட் ஓட்டிக் காட்டினார். திரும்பும்போது மேற்பரப்புக் காற்றை விசிறி உறிஞ்சி எஞ்சின் சட்டென்று கத்துவது வேறு. அதற்கு எஞ்சின் உயரத்தைப் பாருங்கள், விசிறிக்கு மேலே இருக்கும் தகடு போட்டின் அடிமட்டத்தை ஒட்டி அல்லது ஒரு அங்குலம் கீழே நிற்க வேண்டும்.

சல்லிக்கரை:
புது 11 5/8 × 11 வாங்கிவிட்டேன். தண்டின் பற்களில் கடலுக்கான கிறீஸ் நிறையப் பூசி, வளையத்தைப் படத்தைப் பார்த்துச் சரியாகப் போட்டு, புது கொட்டர் பின் இட்டேன். பின் போகும் ஓட்டை முதலில் நட்டின் பள்ளத்துக்கு நேராக வரவில்லை. நட்டை இளக்காமல் இன்னும் கொஞ்சம் இறுக்கித்தான் நேராக்கினேன்.

ஆறு பேரோடு 4600 சுற்று, 17 நொட். தனியாக 5200. போட் கையைத் திறந்ததும் எழும்புகிறது, அதே தூரத்துக்கு மண்ணெண்ணெயும் குறைவாகத்தான் செலவாகிறது.

மூதூர்_போட்:
13இல் 15.5, 11இல் 17. சரி, ஒத்துக்கொள்கிறேன். நாளைக்கு வலையோடு நானும் அளக்கிறேன். அந்தச் சுற்றுமானியைத் திருமலைக் கடைகளில் எடுக்கலாமா?

உவர்மலைக்_கணக்கு:
17 என்றால் வழுக்கல் 18 வீதத்துக்கு வந்திருக்கிறது அண்ணா. சந்தோஷம்.

நிலாவெளிச்_சுழியோடி:
இந்த இழையைத் தொடக்கத்திலிருந்து வாசித்தேன். புறாத்தீவுக்கு ஆட்களை ஏற்றுகிறவர் என்பதால் ஒன்றைக் கேட்டுக்கொள்கிறேன். அது 2003இலிருந்து தேசியப் பூங்கா. கரையை நெருங்கும் இடத்தில் முருகைக்கல் ஆழமில்லாமல் கிடக்கிறது. ஆட்கள் முகமூடி போட்டுக்கொண்டு தலையைத் தண்ணீருக்குள் வைத்து மிதக்கிறார்கள், போட் வருவதைப் பார்க்க மாட்டார்கள். ஒருவர் தண்ணீரில் இறங்கும்போதும் ஏறும்போதும் நியூட்ரல் போதாது, எஞ்சினை நிறுத்துங்கள். நியூட்ரலில்கூட விசிறி இழுபட்டு மெல்லச் சுற்றுவதை நான் கீழிருந்து பார்த்திருக்கிறேன். ஆமை முதுகில் மூன்று வெட்டு ஒரே இடைவெளியில் இருந்ததையும் பார்த்திருக்கிறேன்.

சல்லிக்கரை:
செய்கிறேன் அண்ணா. இன்று காலையிலிருந்து கிளிப்பை என் கையில் கட்டித்தான் ஓட்டுகிறேன், ஆட்கள் இறங்குமுன் உருவிவிடுகிறேன். கடைசி இருபது மீட்டர் துடுப்பு வலித்துப் போகலாம் என்று நினைக்கிறேன், யாரிடமாவது பழைய துடுப்பு ஒரு சோடி இருந்தால் சொல்லுங்கள். அந்த 13 விசிறியை நாளைக்குக் கழுவிக் கூட்டாளியிடம் திருப்பிக் கொடுத்துவிடுவேன், அவருடையது வெறும் போட், அவருக்கு அது சரியாக இருக்கும்.